பெறுநர் கட்டத்தில் தெரிந்த பெயர்கள்

2015 செப்டம்பர் 1 அன்று லண்டனின் சோஹோ பகுதியில் இருக்கும் 56 டீன் ஸ்ட்ரீட் என்ற பாலியல் நல மருத்துவமனையிலிருந்து ஒரு செய்திமடல் மின்னஞ்சலில் போனது. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்கள் பரிசோதனை முடிவுகளையும் மருத்துவரைப் பார்க்கும் நேரத்தையும் மின்னஞ்சலிலேயே பெற்றுக்கொள்வதற்காக அந்த மருத்துவமனை நடத்திவந்த சேவையின் மடல் அது. அனுப்பியவர் 781 முகவரிகளைப் பிறர் கண்ணுக்குத் தெரியாத மறைநகல் (Bcc) கட்டத்தில் இடாமல் பெறுநர் கட்டத்தில் இட்டுவிட்டார். அவற்றில் 730 முகவரிகளில் ஆளின் முழுப்பெயரே இருந்தது. மடலைத் திறந்த ஒவ்வொருவர் கண்ணிலும் மற்ற 780 பேரும் பட்டார்கள்.

மடலின் உள்ளே ரகசியம் என்று எதுவும் இல்லை. ஒருவருடைய மருத்துவக் குறிப்போ, இரத்தப் பரிசோதனை எண்ணோ அதில் கிடையாது. இருந்தவை முகவரிகள் மட்டுமே. வங்கிக்கும் நண்பர்களுக்கும் வேலை கேட்டு விண்ணப்பித்த இடங்களுக்கும் அவர்கள் தாங்களே கொடுத்துவைத்திருந்த அதே முகவரிகள். ஆனாலும் அன்று மாலை லண்டனில் பலருக்குக் கை நடுங்கியிருக்கும். முன்னாள் காதலன், அலுவலகத்தில் அடுத்த இருக்கைக்காரர், பக்கத்துத் தெருக்காரர் என்று யாருடைய பெயர் அதில் கண்ணில் பட்டாலும், தன் பெயரும் அவர்கள் கண்ணில் பட்டிருக்கும். அந்தப் பட்டியலில் தொற்று இல்லாத சிலரும் இருந்தார்கள். பார்த்தவர்களுக்கு அந்த வேறுபாடு எப்படித் தெரியும்?

மின்னஞ்சல் முகவரியின் அந்தரங்கம் பற்றிப் பல ஆண்டுகளாக நடந்துவரும் பேச்சின் பெரும்பகுதி குப்பை அஞ்சலைச் சுற்றியே இருக்கிறது. முகவரி வெளியே போனால் விளம்பரம் வந்து குவியும், மோசடிக்காரன் வலை விரிப்பான் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சு கேள்வியின் ஓரத்தைத்தான் தொடுகிறது என்று நினைக்கிறேன். ஒருவருடைய முகவரி தனியாக நிற்கும்போது அதில் பெரிய ரகசியம் இல்லை. அது எந்த வரிசையில், யார் யாருக்கு நடுவே நிற்கிறது என்பதில்தான் ஒருவருடைய வேலையும் குடும்பமும் சில சமயம் உயிரும் தொங்குகின்றன.

குப்பை அஞ்சலின் கதையும் ஒரு பட்டியலிலிருந்தே தொடங்குகிறது. 1978 மே 3 அன்று டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் விற்பனையாளர் கேரி துர்க், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்குத் தன் நிறுவனக் கணினிகளின் செயல்விளக்கத்துக்கு அழைப்பு அனுப்பினார். முகவரிகளை அவர் திருடவில்லை. ஆர்ப்பாநெட் பயனாளர்களின் அச்சிட்ட விவரப் புத்தகத்திலிருந்து எடுத்து உள்ளிட வைத்தார். முகவரிக்கான இடத்தில் அத்தனையும் கொள்ளாமல், மீதி மடலின் உடலுக்குள் வழிந்துவிட்டன. ஒருவரையொருவர் தொடர்புகொள்ள வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் நம்பிக் கொடுத்த பட்டியல், வேறொருவருடைய வேலைக்குப் பயன்பட்டது.

பிறகு முகவரி பொறுக்கும் நிரல்கள் வந்தன. அமெரிக்க கூட்டாட்சி வணிக ஆணையம் 2002-இல் புத்தம்புது முகவரிகளை இணையத்தில் பல இடங்களில் விதைத்துப் பார்த்தது. இணையப் பக்கங்களில் இட்டவற்றில் 86 சதவீதத்துக்குக் குப்பை அஞ்சல் வந்து சேர்ந்தது. '@' குறியை எழுத்தில் எழுதுவது, முகவரியைப் படமாக இடுவது போன்ற உத்திகள் அந்தக் காலத்தில் பிறந்தவை. அன்று அவை வேலையும் செய்தன. இன்று வடிகட்டிகள் அந்தச் சுமையின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன.

குழு அஞ்சலை நடத்தும் மென்பொருள்களின் வரலாறு இதைவிடச் சிக்கலானது. 1986-இல் பாரிஸில் மாணவராக இருந்த எரிக் தோமா எழுதிய லிஸ்ட்செர்வ், ஒரு கட்டளை அனுப்பினால் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்ற முழுப் பட்டியலையும் திருப்பி அனுப்பும். பின்னால் வந்த மேஜர்டோமோவிலும் அதற்கென ஒரு கட்டளை இருந்தது. இதைக் கவனக்குறைவு என்று நான் சொல்லமாட்டேன். சபையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பேசுவது மரியாதை. கேட்பவர் முகம் தெரியாமல் மனம் திறந்து பேசுவது கடினம். பல்கலைக்கழகத்தாரும் ஆய்வாளர்களும் மட்டுமே இருந்த அவையில் அந்த வெளிப்படைத்தன்மை பொருந்தியது. விரும்பாதவர்கள் தங்கள் பெயரை மறைத்துக்கொள்ள லிஸ்ட்செர்வில் வழியும் இருந்தது. ஆனால் கேட்டால்தான் மறைப்பு. கேட்காவிட்டால் எல்லாம் திறந்தபடி. பயப்பட வேண்டியவர்தான் முன்யோசனையோடு இருக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு, அவை மாறிய பிறகும் மாறாமல் தொடர்ந்தது. அங்கே தொடங்கியது தவறு.

அவை மாறிவிட்டது என்பதை உரக்கச் சொன்ன முதல் நிகழ்வுகளில் ஒன்று 2001 ஜூனில் நடந்தது. மனச்சோர்வுக்கான புரோசாக் மாத்திரையைத் தயாரிக்கும் எலி லில்லி நிறுவனம், மாத்திரை சாப்பிட வேண்டிய நேரத்தை நினைவூட்டும் மின்னஞ்சல் சேவை ஒன்றை நடத்திவந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் மடல் போகும். அந்தச் சேவையை நிறுத்தப்போகிறோம் என்று அறிவிக்கும் மடலை மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக அனுப்பினார்கள். 669 முகவரிகளும் பெறுநர் கட்டத்தில் தெரிந்தன. வணிக ஆணையம் விசாரித்து, 2002 ஜனவரியில் தகவல் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தும்படி நிறுவனத்தைக் கட்டுப்படுத்தியது. இவ்வளவு தெளிவான பாடம் கிடைத்த பிறகும் அதே தவறு ஆண்டுதோறும் நடந்துகொண்டே இருப்பதுதான் என்னைத் தொல்லைப்படுத்துகிறது. டீன் ஸ்ட்ரீட்டை நடத்தும் அதே அறக்கட்டளையில் 2010-இலேயே மருந்தகப் பிரிவு 17 எச்.ஐ.வி. நோயாளிகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பியபோது இதே பிழையைச் செய்திருந்தது. 2015-இல் நடந்த பிழைக்காக அந்த அறக்கட்டளைக்கு 1,80,000 பவுண்டு அபராதம் விதித்தபோது பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் அதையும் சுட்டிக்காட்டியது.

குழந்தைகளுக்கு எதிரான பாலியல் கொடுமைகளை விசாரிக்க இங்கிலாந்தில் அமைக்கப்பட்ட தனி விசாரணை ஆணையத்தின் கதை இன்னும் வருத்தமானது. 2017 பிப்ரவரியில் அது 90 பேருக்கு ஒரு மடல் அனுப்பியது. முதல் மடல் சரியாகவே, மறைநகலில் போனது. அதில் ஏதோ பிழை இருந்ததால் திருத்த மடல் அனுப்பினார்கள். அந்தத் திருத்தத்தில்தான் முகவரிகள் பெறுநர் கட்டத்தில் விழுந்தன. கொடுமைக்கு ஆளாகியிருக்கக்கூடியவர்கள் ஒருவரையொருவர் பார்க்கும்படி ஆயிற்று. பிறகு மடற்குழுவை நிர்வகிக்க ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தை அமர்த்தினார்கள். ஒருவர் 'எல்லோருக்கும் பதில்' என்று அழுத்தினாலும் அது மற்றவர்களுக்குப் போகாது என்று அந்த நிறுவனம் சொன்னதை நம்பினார்கள். 2017 ஜூலையில் ஒருவர் அழுத்தினார். போய்ச் சேர்ந்தது. அபராதம் 2,00,000 பவுண்டு.

எச்.ஐ.வி. ஸ்காட்லாந்து என்ற தொண்டு நிறுவனம் 2020 பிப்ரவரியில் 105 பேருக்கு அனுப்பிய மடலும் அப்படியே போனது. 65 பேரைப் பெயரோடு அடையாளம் காண முடிந்தது. பாதுகாப்பாக அனுப்பும் மென்பொருள் சேவையை அவர்கள் ஏழு மாதங்களுக்கு முன்பே வாங்கிவைத்திருந்தார்கள். வாங்கியது ஒன்று, பழக்கம் வேறொன்று. சின்ன அமைப்பு என்பதால் 10,000 பவுண்டோடு விட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு அமைப்பு சின்னதா பெரியதா என்பதில் என்ன இருக்கிறது?

எல்லாவற்றிலும் கனமானது 2021 செப்டம்பர் 20-இல் நடந்தது. காபூல் தாலிபன் கைக்குப் போய் ஒரு மாதம் கடந்திருந்தது. பிரிட்டிஷ் படைக்கு மொழிபெயர்ப்பாளர்களாகவும் வேறு வகையிலும் உழைத்த ஆப்கானியர்களை வெளியேற்றும் திட்டத்தை நடத்திய பாதுகாப்பு அமைச்சகக் குழு, அங்கே சிக்கியிருந்தவர்களுக்கு ஒரு மடல் அனுப்பியது. 245 முகவரிகள் பெறுநர் கட்டத்தில். 55 பேருடைய முகவரிக்குப் பக்கத்தில் அவர்களுடைய சிறு புகைப்படமும் தெரிந்தது. இருவர் எல்லோருக்கும் பதில் எழுதினார்கள். ஒருவர் தான் இருக்கும் இடத்தையே குறிப்பிட்டுவிட்டார். அந்த மடல் போன எந்த ஒரு கைப்பேசி தாலிபனிடம் சிக்கினாலும், தேடப்படுபவர்களின் பட்டியல் முகத்தோடு கையில் கிடைத்ததற்குச் சமம். அதே மாதத்தில் வேறு இரு மடல்களிலும் இதே பிழை நடந்திருந்தது பிறகு தெரிந்தது. மொத்தம் 265 முகவரிகள். 2023 டிசம்பரில் விதிக்கப்பட்ட அபராதம் 3,50,000 பவுண்டு. பத்து லட்சத்தில் தொடங்கிக் குறைக்கப்பட்ட தொகை அது. இதற்கிடையே 2022 பிப்ரவரியில் அதே திட்டத்துக்கு விண்ணப்பித்த ஏறக்குறைய 19,000 பேரின் விவரங்கள் ஒரு விரிதாளில் வெளியே போயின. அனுப்பியவர் அதில் சிலருடைய விவரம் மட்டுமே இருப்பதாக நம்பியிருந்தார். நீதிமன்றத் தடையின் மறைப்பில் அந்தச் செய்தி 2025 ஜூலை வரை வெளியே பேசப்படாமலே இருந்தது.

ஒவ்வொரு முறையும் விளக்கம் ஒன்றுதான்: மனிதத் தவறு. எனக்கு இந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. அனுப்பியவரைக் கேட்டால் அவர் அழுதுவிடுவார்; அவருக்கும் அது தூக்கம் கெட்ட இரவுதான். ஆனால் அவர் கையில் கொடுக்கப்பட்ட கருவியைப் பாருங்கள். தட்டச்சு இயந்திரத்தில் இரண்டு தாள்களுக்கு நடுவே கார்பன் தாள் வைத்து நகல் எடுத்த காலத்தின் வழக்கத்தையே அது பின்பற்றுகிறது. கடிதத்தின் அடியில் 'நகல்' என்று போட்டு, அது யாருக்கெல்லாம் போகிறது என்பதைக் காட்டுவார்கள். காட்ட வேண்டாத ஒருவருக்கு ஒரு நகல் தனியாகப் போகும். மின்னஞ்சலின் வடிவத்தை வகுத்த 1977-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அந்த மறைநகல் இடம்பிடித்துவிட்டது. மேலதிகாரிக்கு ஒரு பிரதி தெரியாமல் அனுப்பப் பிறந்த வசதி அது. எண்ணூறு நோயாளிகளைக் காக்கும் கதவாக அதை யாரும் செய்யவில்லை. இன்றும் திரையில் மூன்று கட்டங்கள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. சுட்டி ஒரு விரல்கடை நகர்ந்தால் போதும். மேலே விழுந்தால் பேரிழப்பு, கீழே விழுந்தால் பாதுகாப்பு. அனுப்பு என்று அழுத்திச் சில நொடிகள் கடந்துவிட்டால் திரும்பப் பெறப் பெரும்பாலும் வழியில்லை. மருந்துக் கடையில் விஷத்தையும் மருந்தையும் ஒரே நிறப் புட்டியில் அடுத்தடுத்து வைத்துவிட்டு, மாற்றி எடுத்தவரை மட்டும் குற்றம் சொல்வோமா?

2019-க்குப் பிறகு மட்டும் ஏறக்குறைய ஆயிரம் மறைநகல் பிழைகள் தங்களிடம் தெரிவிக்கப்பட்டிருப்பதாக பிரிட்டனின் அதே ஆணையர் அலுவலகம் 2023-இல் சொன்னது. மிக அந்தரங்கமான விவரம் கலந்திருந்தால் மறைநகலை நம்பாதீர்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும் முறையைப் பயன்படுத்துங்கள் என்பதே அதன் அறிவுரை. 669 பேருக்குத் தனித்தனியாகப் போய்க்கொண்டிருந்தவரை எலி லில்லியின் மடல்கள் பாதுகாப்பாக இருந்தன என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

யாரும் எதையும் தவறாக அனுப்பாமலே பட்டியல் பேசிவிடுவதும் உண்டு. திருமணத்துக்கு வெளியே உறவு தேடுபவர்களுக்கான ஆஷ்லி மேடிசன் தளம் 2015 ஜூலையில் களவாடப்பட்டது. மூன்று கோடிக்கும் மேலான கணக்குகள். ஆஸ்திரேலியப் பாதுகாப்பு ஆய்வாளர் ட்ராய் ஹண்ட் அப்போது ஒரு விஷயத்தைக் காட்டினார். கடவுச்சொல் மறந்துவிட்டது என்ற பக்கத்தில் யாருடைய முகவரியை வேண்டுமானாலும் இட்டுப் பார்க்கலாம். அந்த முகவரி அங்கே இருந்தால் ஒரு மாதிரியும் இல்லாவிட்டால் வேறு மாதிரியும் பக்கம் தெரியும். களவு தேவையே இல்லை. வாசலில் நின்று கேட்டாலே விடை. தன் முகவரி எந்தத் தரவுக் கசிவில் இருக்கிறது என்று எவரும் பார்த்துக்கொள்ள ஹண்ட் நடத்தும் தளத்தில், இப்படிப்பட்ட கசிவுகளுக்கு மட்டும் தனி வகை வைத்தார். முகவரியின் சொந்தக்காரர் தன் அஞ்சல்பெட்டி வழியாக உறுதிசெய்தால்தான் அதில் விடை கிடைக்கும். முகவரி ஒன்றுதான், ஆனால் வரிசைகள் வேறு வேறு என்பதை நடைமுறையில் மதித்த ஏற்பாடு அது. இன்னொரு கொடுமையும் அங்கே இருந்தது. சேரும்போது முகவரி உங்களுடையதுதானா என்று அந்தத் தளம் சரிபார்க்கவில்லை. அங்கே எட்டிக்கூடப் பார்க்காதவரின் முகவரியை வேறொருவர் கொடுத்திருக்கலாம். அவர் தன் மனைவியிடம் எதைக் காட்டி நிரூபிப்பார்?

நம் ஊரில் இந்தக் கேள்வி மின்னஞ்சலைவிடக் கைப்பேசி எண்ணில்தான் அதிகம் உட்கார்ந்திருக்கிறது. பள்ளி வகுப்புப் பெற்றோர் குழு, அடுக்குமாடிச் சங்கம், டியூஷன் குழு, கும்பாபிஷேக நன்கொடையாளர் குழு என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் நாளுக்கு ஒன்றில் சேர்க்கப்படுகிறார். சேர்கிறார் என்று எழுத முடியவில்லை, சேர்க்கப்படுகிறார். குழுவில் விழுந்த நொடியிலிருந்து அவருடைய எண் அத்தனை பேருக்கும் தெரியும். குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம். பெண்களுக்கு இதன் பொருள் என்ன என்பதை வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: ராத்திரி பதினொரு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு 'ஹாய்'. யார் தன்னைக் குழுவில் சேர்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் அமைப்பு 2019 ஏப்ரலில் வந்தது. பழைய லிஸ்ட்செர்வ் போலவே, தேடிப்போய் மாற்றியவருக்கு மட்டும்.

ஹாங்காங்கில் 2019 போராட்டத்தின்போது இது எண் தொல்லை என்ற அளவைத் தாண்டியது. போராட்டக்காரர்கள் டெலிகிராம் குழுக்களில் எண்ணை மறைத்துப் பேசிவந்தார்கள். ஆனால் வரிசையாக ஆயிரக்கணக்கான எண்களைத் தன் தொடர்புப் பட்டியலில் ஏற்றிக்கொண்டு ஒருவர் குழுவுக்குள் நுழைந்தால், எந்த எண் யாருடையது என்று செயலியே பொருத்திக் காட்டிவிடும் என்பது ஆகஸ்டில் தெரியவந்தது. அடுத்த மாதம் டெலிகிராம் அதை அடைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. சிக்னல் செயலி 2024-இல்தான் எண்ணைக் காட்டாமல் பயனர்பெயரால் பேசும் வழியைத் திறந்தது.

சட்டம் இந்த இடத்தில் மெதுவாகத்தான் நடக்கிறது. ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதியின் 9-ஆம் பிரிவு உடல்நலம், பாலியல் நாட்டம், மதம், அரசியல் போன்றவற்றுக்குத் தனிக் காப்பு தருகிறது. வெறும் பெயர்ப் பட்டியலுக்கு அது பொருந்துமா? 2022 ஆகஸ்டில் லிதுவேனியாவிலிருந்து வந்த வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் பொருந்தும் என்ற திசையில் நகர்ந்தது. அரசுப் பணியில் இருப்பவர் தன் துணையின் பெயரை வெளியிட வேண்டியிருந்தால், அந்தப் பெயரிலிருந்தே அவருடைய பாலியல் நாட்டத்தை ஊகிக்கலாம். ஊகிக்க முடிகிற விவரமும் அந்தக் காப்புக்குள் வரும் என்றது தீர்ப்பு. டீன் ஸ்ட்ரீட் பட்டியலுக்கு இதைவிடப் பொருத்தமான சட்டமொழி இல்லை.

இந்தியாவில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் சொன்னார்கள். 2023-இல் வந்த எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு வைக்காதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்கிறது. தொகை பெரிதுதான். ஆனால் அந்தச் சட்டத்தில் மிக அந்தரங்கமான தரவு என்ற தனி வகை கிடையாது. வளையல் கடை வாடிக்கையாளர் பட்டியலுக்கும் புற்றுநோய் ஆதரவுக் குழுவின் பட்டியலுக்கும் ஒரே அளவுகோல். இது குறை என்றே நினைக்கிறேன். ஆனால் எச்.ஐ.வி. விஷயத்தில் நம்மிடம் கூர்மையான சட்டம் இருக்கிறது. இந்தியாவில் அந்தத் தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நடத்திய ஆய்வில். முப்பது ஆண்டுகள் கழித்து வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவருடைய தொற்று நிலையை அவர் ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது என்பதோடு, அத்தகைய விவரங்களை வைத்திருக்கும் நிறுவனம் தரவைப் பாதுகாக்க ஏற்பாடு செய்தாக வேண்டும் என்றும் சொல்கிறது. மனநலம், போதை மீட்பு, குடும்ப வன்முறை ஆலோசனை ஆகியவற்றுக்கும் அந்த அளவு அழுத்தமான வாசகம் வேண்டும்.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் விட்டுவிடக் கூடாது. பட்டியலை மறைப்பது அதிகாரத்துக்கும் வசதியானது. உறுப்பினர்கள் யார் என்றே தெரியாவிட்டால் சங்கத் தேர்தலில் பழைய நிர்வாகத்தை எதிர்த்து நிற்பவர் யாரிடம் போய் வாக்குக் கேட்பார்? பங்குதாரர்கள் ஒன்றுசேர்வது எப்படி? இதற்கு இந்திய நிறுவனச் சட்ட விதிகளில் ஒரு நல்ல விடை உண்டு. நிறுவனத்தின் உறுப்பினர் பதிவேட்டைப் பார்க்கும் உரிமை 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் முகவரி, மின்னஞ்சல், பான் எண் ஆகியவற்றை அந்தப் பார்வைக்கு வைக்கக் கூடாது என்று 2022-இல் விதியைத் திருத்தினார்கள். பெயர் தெரியும், வீட்டு வாசல் தெரியாது. அப்படியே போராட்டக் குழுவுக்கோ நோயாளிகள் குழுவுக்கோ இதைக் கொண்டுபோக முடியாது. அங்கே பெயர்தான் காயம். எந்தக் குழுவில் எது காயம் என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

நடைமுறையில் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆளுக்கொரு மடலாக அனுப்பும் சேவைகள் சின்னச் சங்கத்துக்கும் எட்டும் விலையில் கிடைக்கின்றன. குழுவுக்கு எழுதும் பதில் அனுப்பியவருக்கு மட்டுமே போகும்படி வைக்கலாம். வாட்ஸ்அப்பில் குழுவுக்குப் பதில், உறுப்பினர் எண்ணை மறைக்கும் சமூகம் அல்லது சேனலைத் தொடங்கலாம். அனுப்புநர் பெயரையும் தலைப்பையும் நோயின் பெயர் இல்லாமல் எழுதலாம், பூட்டிய திரையில் எட்டிப் பார்ப்பவர் கண்ணுக்காக. ஆப்பிளும் மோசில்லாவும் தரும் மாற்று முகவரிகள், ஒவ்வொரு வரிசைக்கும் வேறொரு முகவரி கொடுக்க உதவுகின்றன. அவையெல்லாம் தேடிப்போகத் தெரிந்தவருக்குத்தான். கட்டத்தில் ஐம்பது முகவரிகள் விழுந்ததுமே 'இவர்கள் ஒருவரையொருவர் பார்க்கட்டுமா?' என்று மின்னஞ்சல் செயலியே நின்று கேட்டால், மேலே சொன்ன நிகழ்வுகளில் பாதியாவது நடந்திருக்காது.

மின்னஞ்சல் பிறப்பதற்கு முன்பே ஒரு நீதிமன்றத்துக்கு இது புரிந்திருந்தது. 1956-இல் அமெரிக்காவின் அலபாமா மாநில அட்டர்னி ஜெனரல் ஜான் பேட்டர்சன், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் மீது வழக்குப் போட்டார். மாநிலத்தில் உள்ள எல்லா உறுப்பினர்களின் பெயரையும் முகவரியையும் ஒப்படைக்கும்படி மாநில நீதிமன்றம் ஆணையிட்டது. அமைப்பு தன் நிர்வாகிகளின் பெயர்களைக் கொடுத்தது. சாதாரண உறுப்பினர்களின் பட்டியலை மறுத்தது. 10,000 டாலர் அபராதம் 1,00,000 ஆனது. உறுப்பினர் என்று தெரிந்தவர்கள் வேலை இழந்ததையும் மிரட்டப்பட்டதையும் அமைப்பினர் எடுத்துச் சொன்னார்கள். 1958 ஜூன் 30-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி ஹார்லன். அலபாமா விடவில்லை. வழக்கு மீண்டும் மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்குப் போய்த் திரும்பியது. அமைப்பு அந்த மாநிலத்தில் மறுபடி இயங்க 1964 ஆயிற்று. எட்டு ஆண்டுகள் அலுவலகம் முடங்கிக் கிடந்தது. உறுப்பினர் பட்டியல் மட்டும் கடைசிவரை அரசின் கைக்குப் போகவே இல்லை.